களமும் கடிகாரமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் நின்று மற்போரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அறிவித்தபோது செயலாளர் அவர்கள் என்னைச் சற்று ஐயத்தோடு பார்த்தார். அதிலும் நம் ஊர் மற்போர் அன்று. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள கார்ன்வால் என்னும் சிறு நிலப்பகுதியின் மற்போர். இலக்கிய வட்டத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு விடைகள் சொல்லியிருப்பேன்.

முதல் விடை என் குடும்பத்தைச் சேர்ந்தது. என் பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கச் சென்றவர். அந்தச் சுரங்கங்களை நடத்தியது இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம். சுரங்கத் தொழிலில் கைதேர்ந்த கார்ன்வால் மக்கள் அங்கே மேற்பார்வையாளர்களாக வந்தார்கள். சுரங்க மேற்பார்வையாளரைக் 'கேப்டன்' என்று அழைப்பது கார்ன்வால் மரபு. படையில் பணிபுரியாத மனிதரை ஏன் கேப்டன் என்கிறார் என்று சிறு வயதில் நான் பாட்டனாரைக் கேட்டதுண்டு. "அவங்க ஊர் வழக்கம்" என்பார். அந்த ஊர் எது, அந்த வழக்கம் எத்தகையது என்று பிற்காலத்தில் தேடியபோதுதான் இந்த மற்போர் என் கண்ணில் பட்டது. தங்கவயல் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டன. தேடல் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

இரண்டாவது விடை நம் வட்டத்தைச் சேர்ந்தது. இந்த மேசைமீது இருக்கும் சிறிய பித்தளை மணியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். நாற்பது நிமிடம் ஆனதும் தலைவர் இதனை அடிப்பார். எத்துணைப் பெரிய புலவராயினும் உரையை முடித்தாக வேண்டும். முதற் கூட்டத்திலேயே வகுத்த விதி இது. இப்போது பத்தாம் ஆண்டில், இந்த மணி இனி வேண்டுமா என்ற கேள்வி நம் உறுப்பினர்களிடையே எழுந்திருக்கிறது. "கருத்துக்குக் காலவரையறை உண்டோ?" என்கிறார் ஒருவர். "காலவரையறை இல்லையேல் கேட்பவருக்குக் கதி ஏது?" என்கிறார் மற்றொருவர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இதே வழக்கை வேறொரு மக்கள் தங்கள் புல்வெளியில் பல நூறு ஆண்டுகளாக நடத்தி வந்திருக்கிறார்கள் என்பதைக் காட்டவே இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன்.

கார்ன்வால் ஒரு தீபகற்பம். மூன்று பக்கம் கடல். நான்காவது பக்கத்தில் டேமர் என்னும் ஆறு. ஆற்றுக்கு அப்பால் டெவன் மாவட்டம். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 5,70,000 அளவே. வெள்ளீயமும் செம்பும் தோண்டிய சுரங்கத் தொழிலாளர், மீனவர், உழவர் ஆகியோரின் நாடு அது. அவர்களுக்கென்று கெல்ட்டிய இனத்தைச் சேர்ந்த தனி மொழி ஒன்று உண்டு. அதைத் தாய்மொழியாகப் பேசியவர்களுள் இறுதியானவர் என்று பொதுவாகக் குறிக்கப்படும் டாலி பென்ட்ரீத் என்னும் மூதாட்டி 1777ஆம் ஆண்டில் மறைந்தார். மொழி வழக்கொழிந்த பின்னரும் அந்த மக்கள் விடாது பிடித்துக்கொண்டிருந்தவற்றுள் ஒன்று இந்த மற்போர்.

இனி ஆட்டத்திற்கு வருவோம். மைதானத்தின் நடுவே புல்தரையில் ஒரு வட்டம். இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். காலில் காலணி இல்லை. உடம்பின்மேல் தடித்த கித்தான் துணியால் தைத்த, தொளதொளவென்று தொங்கும் குட்டைக்கைச் சட்டை. அதன் முன்பக்கம் கயிற்றால் முடியப்பட்டிருக்கும். இந்தச் சட்டையில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. பிடிப்பதெல்லாம் சட்டையைப் பிடித்தே செய்ய வேண்டும். இடுப்பின் கீழே கை செல்லலாகாது. காலைப் பற்றி இழுத்தல் கூடாது. காலுக்குக் கால் இடறலாம், கொக்கிபோல் வளைத்து வாரலாம், உதைத்தல் ஆகாது. எதிரியைத் தோளின்மேல் ஏற்றிச் சுழற்றி முன்னே வீசும் பிடி ஒன்று உண்டு. 'பறக்கும் பெண்குதிரை' என்று அதற்குப் பெயர்.

தரையில் விழுந்த பின் போராட்டமே இல்லை என்பது இந்த ஆட்டத்தின் தலையாய விதி. புறநானூற்றில் ஆமூர் மல்லனைப் பொருத நற்கிள்ளியை நாம் அறிவோம். ஒரு காலை எதிரியின் மார்பில் ஊன்றி, மறு காலால் அவன் முதுகை வளைத்து அவன் செய்யும் போரைப் புலவர் கண்முன் நிறுத்துகிறார். அவ்வகைப் போருக்குக் கார்ன்வாலில் இடமில்லை. அங்கே நின்ற நிலையில் தொடங்கும் ஆட்டம் விழுந்த நொடியில் முடிந்துவிடும். விழுந்தவனை அழுத்துவதும் முறுக்குவதும் அவர்கள் கண்ணுக்கு ஆட்டமாகத் தோன்றவில்லை.

எப்படி விழுந்தால் தோல்வி? மல்லனின் முதுகில் நான்கு முனைகள் இருப்பதாக அவர்கள் கொள்கிறார்கள்: தோள்பட்டைகள் இரண்டு, இடுப்பின் பின்புறம் இரண்டு. இந்த நான்கில் குறைந்தது மூன்று ஒரே சமயத்தில் தரையைத் தொடும்படி எதிரியை வீழ்த்த வேண்டும். அதுவே முழுவீழ்ச்சி, அத்துடன் ஆட்டம் முடிந்தது. முதுகின் முனைகள் படுவதற்கு முன் முழங்காலோ கையோ தரையில் பட்டுவிட்டால் அந்த வீழ்ச்சி செல்லாது; எழுந்து நின்று மீண்டும் தொடங்க வேண்டும். முனைகள் ஒன்றோ இரண்டோ மட்டும் பட்டால் அத்தனை புள்ளிகள் கணக்கில் ஏறும்.

மூன்று முனைகளும் ஒரே கணத்தில் பட்டனவா என்பதைக் கண்ணால் கண்டு சொல்ல வேண்டியவர்கள் மூன்று நடுவர்கள். கையில் ஊன்றுகோலுடன் களத்துக்குள்ளேயே நின்று, மல்லர்களைச் சுற்றி வந்து பார்ப்பார்கள். முழுவீழ்ச்சி என்று கண்டவர் கோலை உயர்த்துவார். மூவரில் இருவர் கோல் உயர்ந்தால் தீர்ப்பு முடிந்தது.

இந்த நடுவருக்கு 'ஸ்டிக்லர்' என்று பெயர். சொல்லாராய்ச்சியில் நாட்டமுள்ள நம் அன்பர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். இன்றைய ஆங்கிலத்தில், விதியை விட்டு இம்மியும் நகராதவரை ஸ்டிக்லர் என்கிறார்கள். அலுவலகத்தில் காற்புள்ளி பிழைத்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்பும் அதிகாரி ஒருவர் இருப்பாரே, அவரே ஸ்டிக்லர். கையில் கோல் இருப்பதால் 'ஸ்டிக்' என்னும் சொல்லிலிருந்து இது பிறந்தது என்று எவரும் எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. ஒழுங்குபடுத்துதல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினைச்சொல் ஒன்றே இதன் வேர். இருவர் போரை ஒழுங்குபடுத்தி நடத்துபவன் என்பதே பழம்பொருள். ஊரெல்லாம் இன்று ஒருவகை எள்ளலோடு ஆளும் சொல்லை, அந்தப் புல்வெளி மட்டும் அதன் பழைய மதிப்புடன் காத்து வைத்திருக்கிறது. மொழிக்கு விளையாட்டுக் களங்களும் ஒரு பெட்டகம் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆட்டம் தொடங்குமுன் மல்லர்கள் உறுதிமொழி எடுக்கிறார்கள். தன் மானத்தின்மீதும் தன் நாட்டின் மானத்தின்மீதும் ஆணையிட்டு, வஞ்சகமும் கொடுமையும் இன்றிப் பொருதுவேன் என்று சொல்லி, அந்த வாய்மைக்கு அடையாளமாக எதிரியிடம் கையை நீட்டுகிறார்கள். பேச்சு வழக்கில் மறைந்துபோன தங்கள் தாய்மொழியில் இதனைச் சொல்லும் வழக்கமும் உண்டு. இறுதியில் முன்னோர் வாக்காக ஒரு தொடர் வருகிறது: 'குவாரி ஹ்வேக் யூ குவாரி தேக்'. நேர்மையான ஆட்டமே நல்ல ஆட்டம் என்பது அதன் கருத்து. 'ஹ்வேக்' என்றால் இனிமை. 'தேக்' என்றால் அழகு. அழகைக் குறிக்கும் சொல்லே நேர்மையையும் குறித்து நிற்கிறது. நேர்த்தி, நேர்மை என்னும் நம் சொற்கள் இரண்டும் ஒரு வேரில் கிளைத்தவை அல்லவா? 'குவாரி' என்னும் சொல் விளையாட்டையும் நாடகத்தையும் ஒருங்கே குறிக்கும். நாமும் பந்தாட்டத்தையும் கரகாட்டத்தையும் 'ஆட்டம்' என்ற ஒரே சொல்லால்தானே அழைக்கிறோம்?

இவ்வளவும் இன்றைய நிலை. பழைய நிலை என்ன என்பதற்கு அரியதொரு சான்று கிடைத்திருக்கிறது. ரிச்சர்டு கேரூ என்னும் அறிஞர் 1602ஆம் ஆண்டில் கார்ன்வால் நாட்டைப் பற்றிய தம் ஆய்வு நூலை வெளியிட்டார். நிலம், சுரங்கம், மீன், மக்கள் என்று எழுதிச் செல்பவர் மற்போருக்கும் இடம் ஒதுக்கி, அதன் சட்டங்களை எண்ணிக் காட்டுகிறார். முதுகு தரையில் பட்டாலோ, ஒரு தோளும் அதற்கு எதிர்ப்பக்கத்துக் குதிகாலும் பட்டாலோ வீழ்ச்சி. பிடிப்பதற்கென்று மல்லர் கச்சை அணிவர். கச்சைக்கு மேலேதான் பிடிக்க வேண்டும். வெற்றியை முடிவு செய்ய மூன்று பிடிகள் ஆட வேண்டும். வென்றவன் தோற்றவனோடு மறுபடி ஆட வேண்டியதில்லை. ஆனால் அடுத்து வருபவனுக்கு அவன் ஈடுகொடுத்தே ஆக வேண்டும்.

இந்தச் சட்டங்களில் நிமிடம் என்ற பேச்சே இல்லை என்பதைக் காண்க. அன்றும் அவர்களுக்கு எல்லை தெரிந்திருந்தது. காலத்தை எண்ணாமல் பிடியை எண்ணினார்கள். மூன்று என்பது எல்லை. வென்றவன் களைத்த உடம்புடன் அடுத்தவனை எதிர்கொள்ள வேண்டும் என்பது மற்றோர் எல்லை. ஒருவனே நாள் முழுதும் களத்தை ஆளாதபடி அவன் உடம்பே அவனுக்கு மணியடித்துவிடும்.

கேரூ இன்னொன்றும் சொல்கிறார். விழும் நிலைக்குச் சென்று நூலிழையில் தப்பியவனுக்கு நேர்ந்ததை 'ஃபாயில்' என்பார்களாம். அரைவீழ்ச்சி என்று நாம் கொள்ளலாம். முழுவீழ்ச்சி ஒன்றே பழைய கணக்கு, புள்ளிகள் எல்லாம் பிற்காலத்துச் சரக்கு என்று பழமை விரும்பிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1602லேயே அரைவீழ்ச்சிக்கு ஒரு பெயர் இருந்தது என்றால், அதையும் அக்காலத்துக் கண்கள் கவனித்தன என்றுதானே பொருள்? இன்றைய புள்ளிக்கு அந்தச் சொல்லை ஒரு மூதாதை என்று கொள்வதில் தவறில்லை என்பது என் துணிபு.

இந்த ஆட்டத்தின் புகழ் கார்ன்வாலைத் தாண்டியும் சென்றது. மைக்கேல் டிரேட்டன் என்னும் கவிஞர் 1627இல் வெளியிட்ட அஜின்கோர்ட் போர்க் காவியத்தில், கார்ன்வால் படையினரின் கொடியில் இரு மல்லர் உருவம் பொறித்திருந்ததாகப் பாடுகிறார். நாட்டிங்காம் மாவட்டத்து பன்னி என்னும் ஊரில் வாழ்ந்த சர் தாமஸ் பார்க்கின்ஸ் என்ற செல்வர், கார்ன்வால் தழுவுபிடி பற்றி 1713இல் ஒரு நூலே எழுதினார். 1712ஆம் ஆண்டில் தம் ஊரில் ஆண்டுதோறும் நடக்கும்படி அவர் ஏற்படுத்திய மற்போர்ப் போட்டி, அவர் மறைந்த பின்னும் தொடர்ந்து 1810 வரை நடந்தது. பரிசு, பொற்சரிகை வைத்த தொப்பி. இந்தப் பார்க்கின்ஸ் அவர்களை நினைவில் வைத்திருங்கள். உரையின் முடிவில் அவரிடம் மீண்டும் வருவேன்.

டேமர் ஆற்றுக்கு அப்பால் டெவன் மாவட்டத்திலும் சட்டை மற்போர் உண்டு. ஆனால் அங்கே வலிய காலணி அணிந்து எதிரியின் கணைக்காலில் உதைப்பது முறை. இந்தக் கரையில் தழுவல். அந்தக் கரையில் உதை. இரு மரபுகளும் நேருக்கு நேர் சந்தித்தது 1826ஆம் ஆண்டு அக்டோபர் 23 அன்று, டெவன்போர்ட்டில். கார்ன்வால் சார்பில் செயின்ட் கொலம் ஊரில் விடுதி நடத்திய ஜேம்ஸ் போல்கிங்ஹார்ன், பேருடல் கொண்டவர். டெவன் சார்பில் ஏபிரகாம் கான். அளவில் சிறியவர், காலில் வல்லவர். பக்கத்திற்கு 200 பவுன் பந்தயம். மூன்று முழுவீழ்ச்சிகளில் இரண்டை எடுப்பவர் வெற்றியாளர். பல்லாயிரவர் திரண்டனர்.

முடிவு என்ன ஆயிற்று? ஒரு வீழ்ச்சி செல்லுமா செல்லாதா என்பதில் நடுவர்கள் ஒத்துப்போகவில்லை. இரு பக்கத்திலும் கூச்சல். போல்கிங்ஹார்ன் களத்தைவிட்டு வெளியேறினார். வெற்றி தோல்வியின்றி ஆட்டம் கலைந்தது. யார் வென்றார் என்று இரு மாவட்டத்தாரும் பின்னும் நெடுங்காலம் வாதிட்டார்கள். செயின்ட் கொலம் ஊரின் அந்த விடுதியில் போல்கிங்ஹார்ன் பெயரில் நினைவுப் பலகை இருக்கிறது. வீரத்தில் இருவருக்கும் குறைவில்லை. விதியில் ஒப்புதல் இல்லாதபோது வீரம் மட்டும் ஓர் ஆட்டத்தை முடித்து வைக்காது என்பதற்கு அந்த நாள் ஒரு பாடம்.

அடுத்து வந்தது தேய்வுக் காலம். 1866ஆம் ஆண்டில் செம்பு விலை வீழ்ந்தது. சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கப்பலேறின. என் பாட்டனாரின் கேப்டன்மார் போன்றவர்கள் கோலாருக்கு வந்ததும் அந்தப் பெயர்ச்சியின் ஒரு கிளையே. சென்ற இடங்களில் மற்போரையும் ஆடினார்கள்; ஊரில் களம் காலியாயிற்று.

களம் காலியானதற்கு உள்ளிருந்தே ஒரு நோயும் காரணமாயிற்று. பரிசுப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்வது என்று இரு மல்லர்களும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, பொருதுவதுபோல் நடித்து, ஒருவர் விழுந்துவிடுவது. அங்கே இதற்கென்று ஒரு கொச்சைப் பெயரே இருந்தது. முழுவீழ்ச்சி விழும்வரை எவ்வளவு நேரமும் ஆடலாம் என்னும் ஏற்பாடு இத்தகையோருக்கு வசதியாகப் போயிருக்கும் என்றே கருதுகிறேன். சட்டையைப் பிடித்தபடி சுற்றிச் சுற்றி வந்தால், போராடுகிறவர் யார், பொழுது போக்குகிறவர் யார் என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்கள் வேறு விளையாட்டைத் தேடிப் போனார்கள்.

1923ஆம் ஆண்டில் கார்ன்வால் மற்போர்ச் சங்கம் தோன்றியது. ஊருக்கு ஒன்றாக இருந்த விதிகளை ஒன்றுபடுத்துவது அதன் முதற்பணி. 1920களின் இறுதியில் கடலுக்கு அப்பால் பிரான்சின் பிரிட்டானிப் பகுதியோடு உறவு மலர்ந்தது. பிரிட்டானியருக்கும் 'கூரென்' என்னும் சட்டை மற்போர் உண்டு. அங்கே டாக்டர் கோத்தொன்னெக், இங்கே டிரெகோனிங் ஹூப்பர் ஆகியோர் முயற்சியால் இரு நாட்டு மல்லரும் ஆண்டுதோறும் சந்தித்தனர். மொழி நூலோர் உறவுடையவை என்று சொன்ன இரு மொழிகளின் மக்கள், புல்வெளியில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து அந்த உறவைக் கண்டுகொண்டார்கள்.

இப்போது கடிகாரத்திற்கு வருகிறேன். இன்றைய போட்டிகளில் ஆட்டத்திற்கு நிமிட வரையறை உண்டு. முழுவீழ்ச்சி விழுந்தால் அந்தக் கணமே ஆட்டம் முடியும். விழாவிட்டால் நேரம் முடிந்ததும் புள்ளிகளைக் கூட்டி, மிகுதியாகப் பெற்றவரை வெற்றியாளர் என்பார்கள். பழைய கணக்கு வீழ்ச்சியை மட்டும் பார்த்தது. புதிய கணக்கு நேரத்தையும் பார்க்கிறது. இதனால் இழந்தது என்ன, பெற்றது என்ன?

இழப்பு உண்டு. ஒரு புள்ளி முந்திக்கொண்டவன், மீதி நேரத்தை எதிரியைத் தடுப்பதிலேயே கழித்துவிடலாம். முழுவீழ்ச்சி என்னும் பெருங்கனவை மறந்து, சில்லறைக் கணக்கில் வெல்லும் ஆசை அவனுக்கு வரும். இதனைப் பழையவர்கள் வருத்தத்தோடு சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் வரையறையே இல்லாத ஆட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு களங்களில் சான்றுகள் உள்ளன. 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் கிரேக்க ரோமானிய முறை மற்போர். ரஷ்யப் பேரரசின் சார்பில் எஸ்தோனியரான மார்ட்டின் கிளைன், பின்லாந்தின் அசிக்கைனனோடு அரையிறுதியில் மோதினார். அந்த ஆட்டம் 11 மணி 40 நிமிடம் நடந்தது. கிளைன் வென்றார். வென்றவர் உடல் ஓய்ந்துபோனதால் இறுதி ஆட்டத்திற்கு வர இயலவில்லை. தங்கப் பதக்கம் சுவீடன் நாட்டவருக்குப் போயிற்று. அதே ஒலிம்பிக்கில் வேறோர் எடைப் பிரிவின் இறுதி ஆட்டம் 9 மணி நேரம் நடந்தும் முடிவு காணவில்லை. இருவருக்கும் வெள்ளி கொடுத்து, தங்கத்தைக் கொடுக்காமலே விட்டுவிட்டார்கள். நீண்டு சென்றதால் அங்கே நீதி கிடைத்ததா?

நமக்கு நெருங்கிய சான்று ஒன்று. 1910ஆம் ஆண்டு செப்டம்பர் 10 அன்று இலண்டனில், இந்தியாவின் மாபெரும் மல்லர் காமாவும் போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவும் மோதினார்கள். காமாவின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாத ஸ்பிஸ்கோ, தரையோடு தரையாகக் குப்புறக் கிடந்து தம்மைக் காத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரத்திற்கும் மேலாக அந்தக் காட்சி நீடித்து, வெற்றி தோல்வியின்றி முடிந்தது. 1928இல் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது காமா ஒரு நிமிடத்திற்குள் வென்றுவிட்டார். இரண்டரை மணி நேரம் சொல்லாத உண்மையை ஒரு நிமிடம் சொல்லிவிட்டது. கார்ன்வால் விதிகளின்கீழ் அந்த முதல் ஆட்டம் அப்படி நீண்டிருக்காது என்பதையும் எண்ணிப் பாருங்கள். கிடந்த நிலை அங்கே அரண் ஆகாது. விழுந்தவர் எழுந்து நின்றே ஆக வேண்டும். காலத்தை வீணாக்குவதற்கு எதிரான முதற் காவல் அந்த விதியிலேயே இருந்தது. கடிகாரம் பின்னர் வந்த இரண்டாவது காவல்.

ஆகவே என் கருத்தைச் சுருங்கச் சொல்வேன். கார்ன்வால் மக்கள் கடிகாரத்தைக் களத்தின் ஓரத்தில்தான் வைத்தார்கள். களத்தின் நடுவே முழுவீழ்ச்சியையே வைத்தார்கள். கடைசி நொடியிலும் ஒரு முழுவீழ்ச்சி விழுந்தால், அதுவரை சேர்ந்த புள்ளிகள் அனைத்தும் பொருளற்றுப் போகும். பின்தங்கியவன் இறுதிவரை நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. முந்தியவன் இறுதிவரை அயர்ந்துவிட முடியாது. முழுமையை நாடு, அது கிட்டாதபோது கிட்டியதை அள, அளப்பதற்கு முன் கையை நீட்டு என்னும் மூன்றும் அடங்கிய ஓர் ஒழுங்கு இது. இந்த வரிசை மாறாதவரை கடிகாரத்தால் ஆட்டத்திற்குக் கேடில்லை. வரிசை மாறினால், கடிகாரத்தை எடுத்து எறிந்தாலும் ஆட்டம் பிழைக்காது. மல்லர்கள் பேசிவைத்து விழுந்த காலத்தில் கடிகாரமா குற்றவாளி?

அவர்கள் மொழிக்கும் இதே கதைதான். பேச்சில் அழிந்துவிட்டது என்று உலகம் கைவிட்ட மொழிக்கு ஹென்றி ஜென்னர் 1904ஆம் ஆண்டில் ஒரு கையேடு எழுதினார். எழுத்து முறை எது, இலக்கணம் எது என்று அவருக்குப் பின் வந்தவர்கள் கடுமையாக வாதிட்டார்கள். வாதம் ஓய்வதற்காகக் காத்திராமல், களத்தில் நின்ற மல்லன் அந்த மொழியில் ஓர் உறுதிமொழியைச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினான். 2002ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு அந்த மொழிக்கு ஏற்பு வழங்கியது. 2014இல் அந்த மக்களைத் தனித் தேசியச் சிறுபான்மையினர் என்றும் ஏற்றது. இவற்றுக்கு மற்போரே காரணம் என்று நான் மிகைப்படுத்தமாட்டேன். ஆனால் ஒரு சிறு மக்கட் கூட்டம் தன் விதிகளைத் திருத்திக்கொண்டும் தன் சொல்லை விடாமலும் வாழ முடியும் என்பதற்கு அந்தப் புல்வெளி சான்றாக நிற்கிறது.

இறுதியாக சர் தாமஸ் பார்க்கின்ஸ். 1741இல் மறைந்த அவருடைய நினைவுச் சின்னம் பன்னி ஊர்த் தேவாலயத்தில் உள்ளது. தம் உருவம் மற்போருக்கு ஆயத்தமான நிலையில், கால்களை அகற்றிக் கைகளை நீட்டி நிற்கும்படி அதனை அமைத்துக்கொண்டார். அந்தப் பேருருவின் பக்கத்திலேயே ஒரு சிறிய காட்சியும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதில் அதே மல்லர் தரையில் வீழ்ந்து கிடக்கிறார். அவரை வீழ்த்தியவர் கையில் அரிவாளுடன் அருகே நிற்கிறார். அவர் பெயர் காலம்.

வாழ்நாளெல்லாம் பிடிகளைப் பயின்றவர், யாரிடம் தோற்கப்போகிறோம் என்பதை அறிந்தே வைத்திருந்தார். அதற்காக அவர் ஒரு நாளும் களத்தில் இறங்காமல் இருக்கவில்லை. எல்லை உண்டு என்று அறிந்தவனே முழு மூச்சோடு ஆடுகிறான்.

அன்பர்களே, இந்தப் பித்தளை மணி இருக்கட்டும் என்பதே என் வாக்கு. ஆனால் அது மேசையின் ஓரத்தில் இருக்கட்டும். மேசையின் நடுவே இருக்க வேண்டியது, பேசுபவர் தம் பொருளை முழுமையாக வீழ்த்தி எடுக்கும் முயற்சி. அந்த முயற்சியில் ஒருவர் மெய்யாகவே பொருதிக்கொண்டிருந்தால், ஸ்டிக்லராகிய தலைவர் கோலை உயர்த்தும்வரை நாம் பொறுத்திருப்போம். சட்டையைப் பிடித்தபடி சுற்றி வருபவராயின், மணி தயங்காமல் ஒலிக்கட்டும். எதுவாயினும், பேசத் தொடங்குமுன் மாற்றுக் கருத்துடையவரிடம் கையை நீட்டிவிட்டுத் தொடங்கும் வழக்கத்தை நம் வட்டம் அடுத்த பத்தாண்டிலும் விடாதிருக்குமாக.

தலைவர் அவர்களின் கை மணியை நோக்கி நகர்வதைக் காண்கிறேன். என் முதுகின் மூன்று முனைகளும் தரையில் படுமுன் நானே அமர்ந்துவிடுகிறேன்.